நார்த் கரோலினாவில் எந்தத் தோட்டம், எந்த மாதம்? ஊரிலிருந்து வரும் பெற்றோருக்காக ஒரு பதில்

கேட்டவர் ராலேக்குப் பக்கத்தில் இருக்கும் கேரியில் இருக்கிறார். அப்பாவும் அம்மாவும் மார்ச் கடைசியில் வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார்கள். அப்பா வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்குப் பூ என்றால் உயிர், ஆனால் முட்டி வலி. மாநிலத்தில் எந்தெந்தத் தோட்டங்களுக்கு அழைத்துப் போகலாம், ஆஷ்வில்லில் மாளிகையும் தோட்டமுமாக இருக்கும் பில்ட்மோர் எஸ்டேட்டுக்கு அவ்வளவு காசு கொடுப்பது தகுமா என்பது அவருடைய கேள்வி.

பில்ட்மோரைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள். கேரியிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள் மூன்று பல்கலைக்கழகங்களின் தோட்டங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒன்று புதுச் செடிகளைச் சோதித்துப் பார்க்கும் இடம், ஒன்று இந்த மண்ணின் செடிகளைக் காப்பாற்றும் இடம், இன்னொன்று கண்ணுக்கு விருந்து. வாரக் கடைசியில் வந்து போகும் சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்காத வசதி உங்கள் பெற்றோருக்கு இருக்கிறது, அதாவது நேரம். மாநிலம் முழுக்க ஓடிப் பத்துத் தோட்டம் பார்ப்பதைவிட, இந்த மூன்றுக்கும் மாதம் ஒரு முறை போய் வருவதுதான் லாபம். ஏப்ரலில் பார்த்த இடம் ஜூலையில் அடையாளமே தெரியாது.

ஒரு எச்சரிக்கையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வந்து இறங்கும் நேரம்தான் பைன் மகரந்தம் கொட்டும் நேரம். கார், தபால் பெட்டி, வாசலில் கிடக்கும் நாற்காலி எல்லாம் மஞ்சளாகிவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அந்த மஞ்சள் தூள் பெரும்பாலும் யாரையும் அவ்வளவாகப் படுத்துவதில்லை. அதே வாரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் ஓக், பிர்ச் மகரந்தம்தான் தும்ம வைப்பது. வீசிங் இருப்பவர்கள் என்றால் மருந்தை ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலையாகப் பார்த்துத் தோட்டத்துக்குக் கிளம்புங்கள்.

முதல் வாரத்திலேயே போக வேண்டியது ராலேயில் இருக்கும் ஜே.சி. ரால்ஸ்டன் ஆர்போரீட்டம், அதாவது மரத்தோட்டம். நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துடையது. மொத்தமே பத்தரை ஏக்கர்தான், பெரும்பாலும் சமதளம், பார்க்கிங்கும் இலவசம். அம்மாவின் முட்டிக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. ரால்ஸ்டன் என்ற தோட்டக்கலைப் பேராசிரியர் 1976ல் தொடங்கினார். அமெரிக்காவில் வீட்டு வாசல்களில் திரும்பத் திரும்ப ஒரே நாலைந்து செடிகள்தான் நிற்கின்றன என்பது அவருடைய குறை. உலகம் முழுவதிலிருந்தும் மரமும் புதரும் கொண்டுவந்து, இந்த ஊர் வெயிலையும் களிமண்ணையும் எது தாங்குகிறது என்று நட்டுப் பார்த்தார். தாங்கியதை நர்சரிக்காரர்களுக்குக் கொடுத்துப் பெருக்கவும் விற்கவும் சொன்னார். 1996 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு தோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

உங்கள் அப்பாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அழகுக்காக அடுக்கிய தோட்டம் இல்லை இது, ஆராய்ச்சிப் பண்ணைக்கு அழகு வந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப் பலகை உண்டு. எங்கிருந்து வந்தது, எந்த ரகம் என்று அவர் படித்துக்கொண்டே நடக்கலாம். மார்ச் கடைசியில் இங்கே ரெட்பட் மரங்களைத் தேடிப் பாருங்கள். நாட்டிலேயே பெரிய ரெட்பட் தொகுப்புகளில் இது ஒன்று. இலை ஒன்றுகூட வராத மரத்தில், கிளையிலும் அடிமரத்துப் பட்டையிலுமே நேராகக் கொத்துக் கொத்தாக ரோஸ் நிறப் பூ முளைத்திருக்கும். பூ ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான். இது நம் மந்தாரைக்கும் ஆத்திக்கும் நெருங்கிய சொந்தம், அவரைக் குடும்பத்தில் ஒரே கிளை. பூ உதிர்ந்த பிறகு வரும் இதய வடிவ இலையின் நுனியை நடுவில் கொஞ்சம் வெட்டிவிட்டதாகக் கற்பனை செய்தால் மந்தாரை இலை வந்துவிடும். தொங்கும் கிளையும் ஊதா இலையுமாக இன்று நர்சரிகளில் விற்கும் ‘ரூபி ஃபால்ஸ்’ ரெட்பட், இதே பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் வெர்னர் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. அவருடைய மற்ற ரகங்களையும் இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு மக்னோலியா மரங்களைக் காட்டுங்கள். ஊரில் செண்பகம் என்று தலையில் வைக்கிறோமே, அதுவும் மக்னோலியா இனம்தான். இலை உதிர்க்கும் ஆசிய வகைகள் மார்ச்சில் பூத்து முடிந்துவிடும். தென் மாநிலங்களுக்கே உரிய பெரிய பச்சை இலை மக்னோலியா மே, ஜூன் மாதங்களில் பூக்கும். ஒரு பூ சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும், கிட்டப் போனால் எலுமிச்சை வாசனை அடிக்கும். இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும்: இந்தத் தோட்டங்கள் எதிலும் பூப் பறிக்கக் கூடாது, கீழே கிடக்கும் விதையைப் பையில் போடுவதும் ஆகாது. சாமிக்கு என்று அம்மாவின் கை நீளும், நீங்கள்தான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அடுத்து சாப்பல் ஹில். நார்த் கரோலினா பல்கலைக்கழகம் (யு.என்.சி.) நடத்தும் நார்த் கரோலினா பொட்டானிக்கல் கார்டன் முதல் பார்வையில் தோட்டமாகவே தெரியாது. புல்வெளி வெட்டி, பாத்தி கட்டி, வண்ணம் வண்ணமாக நட்டிருப்பார்கள் என்று போனால் ஏமாற்றம்தான். இது முழுக்க இந்த மண்ணுக்குச் சொந்தமான செடிகளின் தோட்டம். மாநிலத்தின் மேற்கு மலைக்காடு, கிழக்குக் கடற்கரைச் சமவெளி, நடுவில் இருக்கும் மணல்மேடு என்று ஒவ்வொரு நிலத்தையும் தனித்தனிப் பகுதியாக உருவாக்கி வைத்திருக்கிறார்கள். குறிஞ்சி, முல்லை, நெய்தல் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். விஷச் செடிகளுக்கென்று தனிப் பாத்தி உண்டு, மூலிகைத் தோட்டமும் உண்டு. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

இங்கே தவறவிடக் கூடாதது பூச்சி தின்னும் செடிகள், குறிப்பாக வீனஸ் ஃப்ளைட்ராப். உலகம் முழுக்கத் தொட்டியில் வளர்க்கிறார்களே தவிர, அது இயற்கையாக வளர்வது நார்த் கரோலினா, சவுத் கரோலினா இரண்டிலும் கடற்கரையை ஒட்டிய சின்ன நிலப்பரப்பில் மட்டும்தான், வில்மிங்டனைச் சுற்றி ஏறக்குறைய 75 மைல் வட்டத்தில். 1760லேயே இந்த மாகாணத்தின் ஆளுநர் ஆர்தர் டாப்ஸ் இதைப் பற்றி இங்கிலாந்துக்கு வியந்து எழுதியிருக்கிறார். குனிந்து பாருங்கள்: திறந்த சிப்பி போல இரண்டு மடல், மடலின் சிவந்த உட்புறத்தில் பொதுவாக மூன்று மூன்று மெல்லிய முடிகள். ஒரு முடியைப் பூச்சி ஒரு தடவை தொட்டால் ஒன்றும் நடக்காது. ஏறக்குறைய இருபது நொடிக்குள் இரண்டாவது தடவை தொட்டால் மடல் மூடிக்கொள்ளும். மழைத் துளிக்கும் உதிர்ந்த சருகுக்கும் ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. மண்ணில் தழைச்சத்து இல்லாததால்தான் பூச்சியைப் பிடிக்கிறது, வெயிலில் உணவு தயாரிப்பதை அது விட்டுவிடவில்லை. பூவை மட்டும் பொறியிலிருந்து வெகு உயரத்தில், நீளத் தண்டின் உச்சியில் வைத்துக்கொள்ளும். மகரந்தம் கொண்டுவரும் பூச்சி மேலே, இரை கீழே. விரலை விட்டுச் சீண்டாதீர்கள். ஒரு பொறி அதன் ஆயுளில் சில தடவைதான் மூடித் திறக்கும், வீணாக மூடினால் செடிக்கு நஷ்டம். காட்டிலிருந்து இதைத் திருடுவது 2014 டிசம்பரிலிருந்து இந்த மாநிலத்தில் கடுங்குற்றம், ஜெயில் தண்டனை உண்டு.

அதே நாளில் யு.என்.சி. வளாகத்துக்கு நடுவில் இருக்கும் கோக்கர் ஆர்போரீட்டத்தையும் பார்த்துவிடலாம். ஐந்து ஏக்கர்தான். மாடு மேய்ந்த சதுப்பு நிலத்தை 1903லிருந்து வில்லியம் கோக்கர் என்ற தாவரவியல் பேராசிரியர் மரத்தோட்டமாக மாற்றினார். ஓரத்தில் 300 அடி நீளத்துக்கு மரப் பந்தல், அதன் மேல் கொடி. நிழலில் பெஞ்சுகள் இருக்கின்றன. அம்மாவை உட்கார வைத்துவிட்டு அப்பாவோடு ஒரு சுற்று வரலாம். ஃபிராங்க்ளின் தெரு பக்கத்திலேயே இருப்பதால் மதியச் சாப்பாட்டுக்கும் கவலையில்லை. பார்க்கிங் மட்டும் இங்கே தலைவலி.

ஏப்ரல் முதல் பாதி டர்ஹாமுக்கு, டியூக் பல்கலைக்கழகத்தின் டியூக் கார்டன்ஸுக்கு. 55 ஏக்கர், ஏறக்குறைய ஐந்து மைல் நடைபாதை, மாநிலத்தில் அதிகம் பேர் பார்க்கும் தோட்டங்களில் ஒன்று. இதன் கதை எனக்குப் பிடித்த கதை. பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பக்கத்தில் குப்பை கூளம் நிறைந்த ஒரு பள்ளம் கிடந்தது. ஃப்ரெடெரிக் ஹேன்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் தினமும் அதைத் தாண்டித்தான் போவார். ஐரிஸ் பூ என்றால் அவருக்குப் பைத்தியம். பெஞ்சமின் டியூக்கின் மனைவி சாராவிடம் பேசி 1934ல் 20,000 டாலர் வாங்கினார். அடுத்த ஆண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திகளில் ஐரிஸ் மட்டும் 40,000 பூத்து நின்றன. பள்ளத்தில் தோட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் அப்பாவே சொல்லிவிடுவார். மழை வெள்ளம் வந்தது, கிழங்குகள் அழுகின. 1936ல் சாரா டியூக் இறந்தபோது தோட்டமும் இல்லாமல் போயிருந்தது. ஹேன்ஸ் விடவில்லை. சாராவின் மகள் மேரி டியூக் பிடிலிடம் போய், அம்மாவின் நினைவாக மேட்டு நிலத்தில் மறுபடி கட்டலாம் என்று சம்மதிக்க வைத்தார். எலன் பிடில் ஷிப்மன் வரைந்து கொடுத்த கல் அடுக்குகள்தான் 1939 ஏப்ரலில் திறக்கப்பட்டு இன்றும் நிற்பவை. அமெரிக்காவில் தோட்ட வடிவமைப்பைத் தொழிலாகச் செய்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர் ஷிப்மன். அவர் போட்ட தோட்டங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. டியூக் குடும்பத்தின் பணம் பெரும்பாலும் புகையிலையில் வந்தது. மருத்துவர் கேட்டு, சிகரெட் குடும்பம் கொடுத்து, மருத்துவமனைக்கு அருகே வளர்ந்த தோட்டம் என்று வேண்டுமானால் சிரித்துக்கொள்ளலாம்.

அடுக்குகளின் உச்சியில் ஒரு பந்தல் இருக்கிறது. ஏப்ரலில் விஸ்டீரியா அதில் ஊதாச் சரமாகத் தொங்கும், ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அங்கிருந்து பார்த்தால் அடுக்கடுக்காகத் துலிப், அடியில் மீன் குளம். எல்லோரும் போட்டோ எடுக்கும் இடம் இதுதான், கூட்டமும் இங்கேதான். அடுக்குகளுக்கு நடுவே கல் படிகள் இருப்பதால் அம்மாவை மேலேயே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கத்தான் வேண்டும் என்றால் பக்கத்துச் சரிவுப் பாதையைப் பிடியுங்கள். ஆசியத் தோட்டப் பகுதியில் சிவப்புப் பாலமும் குளமும் இருக்கின்றன. ஆனால் என் ஓட்டு புளோம்குவிஸ்ட் பகுதிக்கு. இந்த வட்டாரத்துக் காட்டுப் பூக்களின் தோட்டம் அது. டிரில்லியம் போன்ற சின்னச் செடிகள், மேலே பெரிய மரங்கள் இலை விட்டு வெயிலை மறைப்பதற்குள் அவசரமாக முளைத்து, பூத்து, விதைத்துவிட்டு மண்ணுக்குள் போய்விடும். கோடை நடுவில் போனால் பெரும்பாலும் சுவடே இருக்காது. பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை, அமைதியாக உட்காரலாம்.

டியூக்கில் பார்க்கிங்குக்கு மட்டும் மணிக் கணக்கில் கட்டணம். ஈஸ்டர் ஞாயிறும், மே மாதப் பட்டமளிப்பு வாரக் கடைசியும் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு லீவு கிடைத்தால் வார நாள் காலையில் போங்கள்.

கோடையில் இதே டியூக்குக்கு இன்னொரு தடவை போக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் குளத்தில் விக்டோரியா என்ற ராட்சத அல்லி, தாம்பாளம் போல விளிம்பு மடிந்த இலையோடு மிதக்கும். பூ முதல் இரவு வெள்ளை, மறுநாள் இரவு ரோஸ், அதோடு சரி. அம்மாவுக்குத் தெரிந்த தாமரையும் பூத்திருக்கும். காலையிலேயே போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் இங்கே அடிக்கும் புழுக்கம் சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை என்றாலும், அதற்காக அமெரிக்கா வர வேண்டியதில்லை. அந்த மாதங்களில் தெருவெல்லாம் பூத்து நிற்கும் கிரேப் மிர்ட்டில், ஊரில் இருக்கும் பூமருதின் தம்பி. அதைப் பார்க்கத் தோட்டத்துக்கே போக வேண்டாம், கேரியில் சிக்னலுக்குச் சிக்னல் இருக்கிறது.

வெளியூர் என்றால் என் முதல் தேர்வு வில்மிங்டன். ஐ-40ல் கிழக்கே இரண்டு, இரண்டேகால் மணி நேரம். அங்கே ஏர்லி கார்டன்ஸ், 67 ஏக்கர், ஏப்ரலில் அசேலியா. ஒரு காலத்தில் பெம்ப்ரோக் ஜோன்ஸ் என்ற பணக்காரரின் குடும்ப எஸ்டேட்டாக இருந்ததை 1999ல் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், வாங்கிப் பொதுத் தோட்டமாக்கியது. உள்ளே ஒரு லைவ் ஓக் மரம், 1545ல் முளைத்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். கிளைகளில் நரைத்த தாடி போலத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் அன்னாசிக் குடும்பத்துச் செடி, மரத்தை உறிஞ்சாமல் காற்று ஈரத்தில் பிழைப்பது. பாட்டில்களைச் சிமெண்டில் பதித்துக் கட்டிய ஒரு சின்னக் கூடம் இருக்கிறது. அது மின்னி எவன்ஸின் நினைவாக. கறுப்பினப் பெண்மணி, இந்தத் தோட்டத்தின் வாசலில் 1948லிருந்து 1974 வரை டிக்கெட் கொடுத்தவர். அங்கேயே உட்கார்ந்து கண்களும் பூக்களும் இலைகளுமாக வரைந்து தள்ளினார். அந்த ஓவியங்கள் இன்று ஸ்மித்சோனியன் உள்ளிட்ட அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வெயில் நேரத்தில் அந்தக் கூடத்துக்குள் நின்றால் தரையெல்லாம் பச்சையும் நீலமுமாக ஒளி விழும்.

ஏர்லிக்குக் கட்டணம் உண்டு, பில்ட்மோரோடு ஒப்பிட்டால் சில்லறை. அசேலியா திருவிழா நடக்கும் வாரக் கடைசியைத் தவிர்த்துவிடுங்கள். அங்கிருந்து கரோலினா பீச் ஸ்டேட் பார்க் பக்கம்தான். அங்கே ஃப்ளைட்ராப் செடிகளை அதன் சொந்த நிலத்திலேயே, நீள இலைப் பைன் மரங்களுக்கு நடுவே பார்க்கும் ஒரு சிறு நடைபாதை இருக்கிறது. அந்தக் காட்டுக்கு அவ்வப்போது தீ வைக்கிறார்கள். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். தீ வந்து புதரை எரித்தால்தான் தரையோடு தரையாக இருக்கும் ஃப்ளைட்ராப்புக்கு வெயில் கிடைக்கும்.

சரி, பில்ட்மோர். ஆஷ்வில் உங்களுக்கு நாலு மணி நேரம், ஒரு இரவாவது தங்க வேண்டும். சீசனில் டிக்கெட் ஆளுக்கு 100 டாலரைத் தாண்டலாம். அந்தக் காசில் பெரும்பங்கு மாளிகைக்கு. வீட்டுக்குள் படிகள் ஏராளம், முட்டி வலிக்காரருக்குத் தண்டனை. தோட்டம் மட்டும்தான் நோக்கம் என்றால் எனக்கு மனசு வராது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டின் கடைசிப் பெரிய வேலை இது. வளம் இழந்து கிடந்த நிலத்தைப் பார்த்துவிட்டு, இங்கே முழுக்கப் பூங்கா வேண்டாம், காடு வளருங்கள் என்று எஸ்டேட்டின் சொந்தக்காரர் ஜார்ஜ் வாண்டர்பில்ட்டிடம் சொன்னவர் அவர். அப்படித் தொடங்கியதுதான் 1898ல் அமெரிக்காவின் முதல் வனவியல் பள்ளியாக முடிந்தது. எஸ்டேட்டின் பெரும்பகுதி பின்னாளில் பிஸ்கா தேசிய வனம் ஆனது. இதில் அப்பாவுக்கு ஆர்வம் இருந்தால் டிக்கெட் வாங்குங்கள்.

இல்லையென்றால் அதே ஊரில் நார்த் கரோலினா ஆர்போரீட்டம் போதும். 434 ஏக்கர், 1986ல் மாநிலச் சட்டமன்றம் உருவாக்கியது. ஆள் கணக்கில் இல்லை, வண்டிக்கு ஒரு கட்டணம், காரில் எத்தனை பேர் இருந்தாலும் ஒன்றுதான். பொன்சாய்த் தோட்டத்தை விடாதீர்கள். ஜப்பானை நகலெடுக்காமல், சிவப்பு மேப்பிள் போன்ற உள்ளூர் மரங்களை வைத்தே இந்த மலைகளின் சாயலில் வளர்த்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. இங்கேயும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன, புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையும் பல இடங்களில் உடைந்தது. எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மலையில் வசந்தம் தாமதமாக வருவதால் மே மாதம் அங்கே சரியான நேரம். ஜூன் நடுவில் என்றால் பார்க்வேயில் கிராகி கார்டன்ஸ் பக்கம் காட்டு ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும், யாரும் நடாதது. போகும் வழியில் வின்ஸ்டன்-சேலத்தில் ரெனால்டா கார்டன்ஸ், இலவசம். கால் நீட்டிக்கொள்ளவும், 1913ல் கட்டிய கண்ணாடிச் செடி வீட்டைப் பார்க்கவும் ஒரு மணி நேரம் நிறுத்தலாம். இதுவும் புகையிலைக் காசுதான்.

சார்லட் பக்கம் போனால் பெல்மாண்டில் டேனியல் ஸ்டோவ், அவுட்டர் பேங்க்ஸ் போனால் மாண்டியோவில் எலிசபெதன் கார்டன்ஸ். இரண்டும் நல்ல தோட்டங்கள்தான், ஆனால் அதற்காக மட்டும் அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டாம்.

அப்புறம் உறுப்பினர் அட்டை. ரால்ஸ்டன் ஆர்போரீட்டத்தில் ஆண்டுச் சந்தா கட்டினால், நாடு முழுக்க 300க்கும் மேற்பட்ட தோட்டங்களில் நுழைவு அல்லது பார்க்கிங் சலுகை தரும் ஒரு பரஸ்பர ஏற்பாடு அதோடு வரும். எந்தத் தோட்டத்தில் என்ன சலுகை என்று போவதற்கு முன் பட்டியலில் சரிபாருங்கள். காட்டுப் பாதையில் நடக்கும் நாளில் முழுக்கால் பேன்ட், ஷூ. வீட்டுக்கு வந்ததும் கணுக்காலிலும் முட்டிக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்று மூன்று இலையாக மரத்தில் ஏறும் கொடி எதையும் அப்பா கையால் தொட்டு ஆராய வேண்டாம். அது பாய்சன் ஐவியாக இருந்தால் இரண்டு வாரம் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.